ஸ்காலர்ஷிப்பா, ஃபீஸே இல்லாத ஊரா? சித்தி பையனோட நோட்டுல போட்ட கணக்கு

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப எங்க சித்தி பையன் ஒரு நாப்பது பக்க நோட்ட தூக்கிட்டு வந்து என் முன்னாடி வச்சான். மெக்கானிக்கல் கடைசி வருஷம், சிஜிபிஏ 8.2, வெளிநாட்ல மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஆசை, சித்தப்பாவுக்கு கோவில்பட்டில ஒரு சின்ன ஹார்டுவேர் கடை, இவனுக்குக் கீழ ஒரு தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறா. நோட்ட தொறந்தா ஸ்கேல் வச்சு கோடு போட்டு இருபத்து மூணு ஸ்காலர்ஷிப் பேரு, பக்கத்துல எந்த நாடு, அதுக்குப் பக்கத்துல எவ்ளோ பணம், பணம் அதிகமா இருக்கிறதுலேர்ந்து கம்மியா இருக்கிறது வரைக்கும் வரிசையா அடுக்கி வச்சிருக்கான். "அக்கா, மேல இருக்குற அஞ்சுக்கு போட்டுட்டா போதும்ல"னு கேக்குறான்.

எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா சிரிக்கல, ஏன்னா 2018ல நானும் இதே மாதிரி ஒரு எக்செல் ஷீட் வச்சிருந்தேன், அதுலயும் இதே தப்பு. எவ்ளோ தர்றாங்கன்னு மட்டும்தான் பாத்தேன். பதிலுக்கு நம்மகிட்ட என்ன கேக்குறாங்க, பணம் எந்த மாசம் கைக்கு வரும், கிடைக்கலன்னா அந்த ஒரு வருஷம் என்ன ஆகும், இதெல்லாம் யோசிக்கவே இல்ல. அதனால அவன் நோட்டுலயே இதுக்குன்னு இன்னும் மூணு கட்டம் போட்டோம், போட்டதும் வரிசையே தலைகீழா மாறிடுச்சு. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு உக்காந்தது, சித்தி ரெண்டு தடவ காபி வச்சுக் குடுத்தாங்க, எந்திரிக்கும்போது ராத்திரி ஆகிடுச்சு.

முதல்ல அடிச்சது யுனிவர்சிட்டிங்க தர்ற "டீன்ஸ் ஸ்காலர்ஷிப்", "குளோபல் எக்ஸலன்ஸ் ஸ்காலர்ஷிப்" வகையறா. யூகேல எம்எஸ்சிக்கு ஃபீஸ் 25,000 பவுண்ட்னு வச்சுக்குங்க, 3,000 பவுண்ட் ஸ்காலர்ஷிப்னு லெட்டர் வரும், தங்க கலர் பார்டர் எல்லாம் போட்டு அழகா இருக்கும், வீட்ல ஃப்ரேம் போடலாம்னு கூட தோணும். இது ஆடித் தள்ளுபடி. விலைய ஏத்தி வச்சிட்டு குறைக்கிறது, மீதி 22,000 பவுண்டும் ஒரு வருஷ வீட்டு வாடகையும் சாப்பாடும் நம்ம தலைலதான், அதுபோக விசாவோட சேத்து ஹெல்த் சர்சார்ஜ்னு வருஷத்துக்கு 776 பவுண்ட் தனியா கட்டணும். யூகே போறவங்க படிப்பு முடிச்சு தங்கி வேலை தேட ரெண்டு வருஷம் இருந்துச்சு, 2027 ஜனவரிலேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு அது 18 மாசமா சுருங்குது, லோன் போட்டு போறவங்க இதையும் கணக்குல சேத்துக்கணும். யூகே போகாதீங்கன்னு சொல்ல வரல, அந்த லெட்டர பாத்து "ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு"ன்னு சொந்தக்காரங்களுக்கு ஸ்வீட் குடுக்காதீங்கன்னு சொல்றேன்.

இதுல கன்சல்டன்சிங்க விளையாட்டு ஒண்ணு இருக்கு. நான் அப்ளை பண்ண சமயத்துல சென்னைல ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன், பேரு வேணாம், ஏசி ரூம், கண்ணாடி டேபிள், எதிர்ல உக்காந்திருந்தவங்க என் மார்க் ஷீட்ட பாக்குறதுக்கு முன்னாடியே "உங்க ப்ரொஃபைலுக்கு ஸ்காலர்ஷிப் கேரண்டி மேம்"னாங்க. ஜெர்மனில பப்ளிக் யுனிவர்சிட்டி பத்தி கேட்டா "அங்க இங்கிலீஷ்ல சொல்லித்தர மாட்டாங்க, ப்ரைவேட் ட்ரை பண்ணலாம்"னு ஒரு ப்ரோஷர நீட்டினாங்க, வருஷத்துக்கு பத்தாயிரம் யூரோவுக்கு மேல ஃபீஸ். வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா பப்ளிக்லயே இங்கிலீஷ் மாஸ்டர்ஸ் நூத்துக்கணக்குல இருக்கு. காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, கமிஷன் எங்க வருதோ அங்கதான் அனுப்புவாங்க, ஃபீஸே வாங்காத யுனிவர்சிட்டி யாருக்கு கமிஷன் குடுக்கும். அதனால ஃப்ரீ கவுன்சிலிங்னு போனா எந்த நாட்ட பத்தி அவங்க பேசவே மாட்டேங்குறாங்கன்னு கவனிங்க.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம். என்ன கேட்டா பிஇ முடிக்கப் போற, வேலை அனுபவம் இல்லாத ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ ரெண்டே ரெண்டு வழிதான் முதல்ல பாக்கணும், எராஸ்மஸ் முண்டஸ் ஒண்ணு, ஜெர்மனி பப்ளிக் யுனிவர்சிட்டி ஒண்ணு. ஒண்ணு லாட்டரி மாதிரி, ஆனா டிக்கெட் ஃப்ரீ. இன்னொண்ணு நிச்சயம், ஆனா முன்பணம் வேணும்.

எராஸ்மஸ் முண்டஸ்னா ஐரோப்பிய யூனியன் காசு குடுத்து நடத்துற ஜாயிண்ட் மாஸ்டர்ஸ், ஒரே டிகிரிய குறைஞ்சது ரெண்டு நாட்ல போய் படிக்கணும், சில கோர்ஸ்ல மூணு நாலு நாடு கூட வரும். ஃபீஸ் முழுசா அவங்க பாத்துக்குவாங்க, கைக்கு மாசம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாசம், கூட்டிப் பாத்தா 33,600 யூரோ. ஃப்ளைட் டிக்கெட், விசா எல்லாத்தையும் அந்தக் காசுலயே நாம பாத்துக்கணும், தனியா தர மாட்டாங்க. திரும்பி இந்தியா வந்தே ஆகணும்னு பாண்ட் கிடையாது, வேலை அனுபவம் பொதுவா கட்டாயம் இல்ல, கடைசி வருஷம் படிக்கிறப்பவே போடலாம், பெரும்பாலான கோர்ஸ்ல அப்ளிகேஷன் ஃபீஸும் கிடையாது. இந்தியா ஒவ்வொரு வருஷமும் அதிக ஸ்காலர்ஷிப் வாங்குற நாடுகள்ல ஒண்ணு, அதனால நமக்கெல்லாம் எங்க கிடைக்கும்னு ஒதுங்கத் தேவையில்ல.

நிறைய பேர் பண்ற தப்பு, எராஸ்மஸ்னு ஒரே ஒரு வெப்சைட்ல ஒரே ஒரு அப்ளிகேஷன்னு நினைச்சுக்குவாங்க. ஒவ்வொரு கோர்ஸும் தனி, தனி போர்ட்டல், தனி கடைசி தேதி, தனி மோட்டிவேஷன் லெட்டர். அக்டோபர்ல தொறக்க ஆரம்பிச்சு ஜனவரிக்குள்ள பெரும்பாலும் மூடிடும். அதுல நூத்துக்கு மேல கோர்ஸ் இருக்கு, அந்த லிஸ்ட்ட எடுத்து "மெக்கானிக்கல்"னு தேடி எதுவும் வரலன்னு மூடிடாதீங்க, கோர்ஸ் பேரெல்லாம் வேற மாதிரி இருக்கும், காத்தாலை, கடல்ல எரிசக்தி, கப்பல் டிசைன், மெட்டீரியல்ஸ், இப்படி குறுகலான சப்ஜெக்ட்டா இருக்கும், உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் பக்கத்துல எது வருதுன்னு பாருங்க. இவன் ப்ராஜெக்ட் ஏதோ காத்தாலை பிளேடுல அதிர்வு அளக்குறது, கயத்தாறு பக்கம் காத்தாலைங்க நடுவுல வளந்த பையன் வேற, அத எழுதுடா முதல் பாராவுல, "ஃப்ரம் மை சைல்டுஹுட் ஐ வாஸ் ஃபேசினேட்டட்"னு ஆரம்பிக்காதன்னு சொன்னேன். நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

எனக்கு வந்தது ரிசர்வ் லிஸ்ட். அதாவது சீட்டு உண்டு, ஸ்காலர்ஷிப் மட்டும் யாராவது வேணாம்னு சொன்னா வரும். பன்னெண்டாவது ஆளா இருந்தேன். மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் தினம் காலைல எந்திரிச்சதும் மெயில் பாக்குறது, ஒவ்வொருத்தரா விலக விலக நம்பர் குறையும், ஏழு ஆச்சு, நாலு ஆச்சு, கடைசில மூணுல வந்து நின்னுச்சு. நின்னது நின்னதுதான். அம்மா "ஏட்டி, மூணு பேருதானே, போன் போட்டு கேளேன்"னாங்க, யாருக்கு போன் போடுறது. அந்த நாலு மாசம் நான் வேற எதையும் சரியா பாக்கல, ஜெர்மனிக்கு ஒரு ஃப்ரெண்ட் வற்புறுத்தி ரெண்டு யுனிவர்சிட்டிக்கு போட வச்சா, அதுல ஒண்ணு வந்துச்சு, அதுதான் என்ன காப்பாத்துச்சு. எராஸ்மஸ்க்கு போடுங்க, நாலஞ்சு கோர்ஸுக்கு கூட போடுங்க, ஆனா அதையே நம்பி உக்காராதீங்க.

இப்ப ஜெர்மனி. இங்க கணக்கு வேற மாதிரி ஓடும். ஸ்காலர்ஷிப்பே இல்லாம ட்யூஷன் ஃபீஸ் இல்ல, செமஸ்டருக்கு நூறு யூரோலேர்ந்து முன்னூத்தம்பது யூரோ வரைக்கும் ஒரு காண்ட்ரிபியூஷன், அவ்ளோதான். எல்லா இடத்துலயும் இல்ல, அத சொல்லிடணும், பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல, அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ பக்கம், 2017லேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளில இருந்து வர்றவங்க செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும். ம்யூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி 2024 குளிர்கால செமஸ்டர்லேர்ந்து மாஸ்டர்ஸுக்கு 4,000லேர்ந்து 6,000 யூரோ வரைக்கும் வாங்குது, அதுவும் ஒரு செமஸ்டருக்கு. "ஜெர்மனின்னா ஃப்ரீ"ன்னு பழைய வீடியோவ பாத்துட்டு ம்யூனிக் பேர மட்டும் நோட்ல எழுதி வச்சிருந்தான் நம்ம ஆளு. அத அடிச்சிட்டு செம்னிட்ஸ், மாக்டபுர்க், இல்மெனாவ்னு எழுதினோம், ஊரு சின்னது, வாடகை கம்மி, இன்ஜினியரிங் நல்லாவே இருக்கும்.

முன்பணம்தான் இங்க கதை. பிளாக்ட் அக்கவுண்ட்னு ஒண்ணு, ஒரு வருஷ செலவுக்கான காச முன்னாடியே ஒரு அக்கவுண்ட்ல போட்டு பூட்டணும், மாசா மாசம் அவங்க அதுலேர்ந்து நம்ம காச நமக்கே தருவாங்க. நான் போனப்ப 8,640 யூரோ, இப்ப 11,904 யூரோ, அதாவது மாசம் 992. இன்னைக்கு ரேட்டுக்கு 12 லட்சத்த தொடும். எங்க வீட்ல அன்னைக்கு ஏழு லட்சம் கிட்ட புரட்டுனது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு, அம்மா பீரோல இருந்து அந்த சிவப்பு வெல்வெட் டப்பாவ எடுத்து கட்டில்ல கொட்டி, இது ஆச்சி போட்டது, இது உன் காதுகுத்துக்கு மாமா செஞ்சதுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சு வச்சாங்க, காசுமாலைய மட்டும் திரும்ப டப்பால போட்டு மூடிட்டாங்க, அப்புறம் ராத்திரி என்ன நினைச்சாங்களோ அதையும் எடுத்து வெளில வச்சாங்க. ஒரே ஆறுதல், இந்தக் காசு யுனிவர்சிட்டிக்குப் போகல, நம்ம சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான் திரும்ப வருது.

இதுக்கு மேல சில்லறைச் செலவும் இருக்கு. 2022 நவம்பர்லேர்ந்து நம்ம ஊரு பசங்களுக்கு ஏபிஎஸ் சர்டிஃபிகேட் கட்டாயம், மார்க் ஷீட் எல்லாம் உண்மையான்னு சரி பாக்குறது, 18,000 ரூபா, என் காலத்துல இது கிடையாது. யூனி அசிஸ்ட்னு அப்ளிகேஷன வாங்கி சரி பாக்குற ஒரு பொது அமைப்பு வழியா அப்ளை பண்ற யுனிவர்சிட்டின்னா முதல்ல போடுறதுக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30 யூரோ. அங்க போனதும் ஹெல்த் இன்சூரன்ஸ் மாசம் 140 யூரோ பக்கம் போயிடும், 992ல அத கழிச்சுட்டுதான் மீதி கணக்கு. வேலை செய்யலாம், வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள், முதல் செமஸ்டர்ல அத நம்பாதீங்க, பாஷை தெரியாம வேலை கிடைக்க நாளாகும், எனக்கு நாலாவது மாசம்தான் ஒரு பேக்கரில பாத்திரம் கழுவுற வேலை கிடைச்சுது.

மார்க் கணக்குல ஒரு சூட்சுமம் சொல்றேன், இது தெரியாம நிறைய பேர் தப்பா எண்ணிக்குவாங்க. ஜெர்மனில 1.0தான் டாப்பு, 4.0 ஜஸ்ட் பாஸ், நம்ம சிஜிபிஏவ மாத்த பவேரியன் ஃபார்முலான்னு ஒண்ணு போடுவாங்க. அதிகபட்ச மார்க்லேர்ந்து நம்ம மார்க்க கழிச்சு, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, மூணால பெருக்கி, ஒண்ண கூட்டணும். இவனோட 8.2க்கு பாஸ் கிரேட் 5னு எடுத்தா 2.08 வருது, 6னு எடுத்தா 2.35 வருது. நிறைய கோர்ஸ் 2.5க்குள்ள இருக்கணும்னு கேக்குது, அதனால இவனுக்கு ரெண்டுமே ஓகே, ஆனா 7.8ல இருக்குற ஒருத்தனுக்கு 5னா 2.32, 6னா 2.65, உள்ளயா வெளியவான்னு தீர்மானிக்கிறதே அந்த ஒரு நம்பர்தான். உங்க ரெகுலேஷன்ல பாஸ் கிரேட் பாயிண்ட் எதுன்னு மார்க் ஷீட்டுக்குப் பின்பக்கம் அச்சடிச்சிருப்பாங்க, முதல்ல அத திருப்பிப் பாருங்க.

ஜெர்மனின்னதும் டாட் (DAAD) ஸ்காலர்ஷிப், அதாவது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு குடுக்குறது, அத பத்தி கேப்பீங்க. நல்ல ஸ்காலர்ஷிப்தான், ஆனா அதுல நமக்கு அதிகம் பேசப்படுற ஈப்போஸ் ப்ரோக்ராம் ரெண்டு வருஷம் வேலை அனுபவம் கேக்கும், டிகிரி முடிச்சு ஆறு வருஷத்துக்குள்ள இருக்கணும். இப்ப காலேஜ் முடிக்கிறவனுக்கு அது இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்க வேண்டிய சீட்டு. அத விட யாரும் கண்டுக்காத ஒண்ணு டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம், அங்க போய் சேந்ததுக்கு அப்புறம் யுனிவர்சிட்டி வழியா போடுறது, மாசம் 300 யூரோ, பாதி அரசாங்கம் பாதி ஒரு தனியார் கம்பெனியோ அறக்கட்டளையோ போடும், வெளிநாட்டு பசங்களுக்கும் உண்டு. எனக்கு ரெண்டாவது வருஷம் கிடைச்சுது, அந்த 300 வந்ததும் பேக்கரிக்கு கும்புடு போட்டேன்.

ஆக நோட்ல பணம்ங்கிற கட்டத்துல எராஸ்மஸ் எங்கயோ மேல இருக்கு, ஜெர்மனி ஜீரோ. ஆனா கிடைக்கலன்னா என்ன ஆகும்ங்கிற கட்டத்துல ஜெர்மனிதான் மேல. எங்க சித்தப்பா கடையையும் யோசிச்சுப் பாத்தேன், கவர்மெண்ட் பேங்க்ல எஜுகேஷன் லோன் பொதுவா ஏழரை லட்சம் வரைக்கும்தான் அடமானம் இல்லாம வாங்கலாம், பேர்லயே ஏழரை இருக்கு பாருங்க, அதுக்கு மேல போனா வீட்டுப் பத்திரம் கேப்பாங்க. ஜெர்மனின்னா லோனும் சேமிப்புமா சமாளிச்சுரலாம், பத்திரத்த வெளில எடுக்க வேணாம். யூகேன்னா எடுக்காம முடியாது. எனக்கு இந்த வித்தியாசம்தான் பெருசா பட்டுச்சு, வேற வீட்ல வேற மாதிரி படலாம்.

அடுத்து நோட்ல டாப் அஞ்சுல இருந்த செவனிங்கும் ஃபுல்பிரைட்டும். ரெண்டும் கவுரவமான ஸ்காலர்ஷிப், ரெண்டும் இவனுக்கு இப்ப ஆகாது. செவனிங் யூகே அரசாங்கத்தோடது, 1983லேர்ந்து இருக்கு, ஒரு வருஷ மாஸ்டர்ஸ், 2,800 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அமெரிக்கா போய் படிக்க குடுக்குற ஃபுல்பிரைட் நேரு மாஸ்டர்ஸ் மூணு வருஷ அனுபவம் கேக்கும், அதுவும் பப்ளிக் ஹெல்த், நகர திட்டமிடல், ஜர்னலிசம் மாதிரி சப்ஜெக்ட்டுக்குத்தான், மெக்கானிக்கலுக்கு அதுல இடமே இல்ல. இன்லாக்ஸ்ங்கிற தனியார் அறக்கட்டளை ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான், ஒரு லட்சம் டாலர் வரைக்கும் தருவாங்கன்னு பாத்து ரெண்டாவது எடத்துல எழுதியிருந்தான், இன்ஜினியரிங்க அவங்க எடுத்துக்கிறதே இல்ல. மூணு பேருக்கும் ஒரே கோடு.

வேலை அனுபவம் இருக்குறவங்க செவனிங், ஃபுல்பிரைட் ரெண்டையும் பாக்குறப்ப பணத்த விட கவனிக்க வேண்டியது திரும்பி வர்ற கண்டிஷன். செவனிங் முடிச்சா ரெண்டு வருஷம் ஊருல இருக்கணும். ஃபுல்பிரைட்ல ஜே ஒன் விசா, அதுலயும் ரெண்டு வருஷம் இந்தியால இருந்தாதான் திரும்ப அமெரிக்கால ஹெச் ஒன் பி வேலை விசா, கிரீன் கார்டு பத்தியே பேச முடியும். ஐஏஎஸ் ஆபீசருக்கும் என்ஜிஓல இருக்குறவங்களுக்கும் இது ஒரு பிரச்சனையே இல்ல, எப்படியும் திரும்பத்தான் போறாங்க. லோன் வாங்கி அங்கயே வேலை பாத்து அடைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது கழுத்துல விழுற கயிறு.

ஸ்காலர்ஷிப்ல இந்த பாண்ட் சமாச்சாரம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 1913ல அம்பேத்கர் கொலம்பியா போனது பரோடா மகாராஜா குடுத்த ஸ்காலர்ஷிப்ல, மாசம் பதினொண்ணரை பவுண்ட், மூணு வருஷம், பதிலுக்கு பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்துல வேலை பாக்கணும்னு ஒப்பந்தம். உதவித்தொகை காலம் முடிஞ்சதும் லண்டன்ல படிப்ப பாதில விட்டுட்டு 1917ல திரும்பி வந்து பரோடால வேலைக்கு சேந்தா, தங்குறதுக்கு ஒரு வீடு குடுக்க அந்த ஊர்ல ஆள் இல்ல, கிளம்பி வந்துட்டார். திரும்பி வர்ற இடம் எப்படி இருக்கும்னு எந்த பாண்ட்லயும் எழுதியிருக்காது.

அவர் பேர்லயே நம்ம தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம்னு ஒண்ணு நடத்துது, ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறின கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பசங்களுக்கு. சித்தி பையனுக்கு இது பொருந்தாது, ஆனா அவன் கிளாஸ்ல அவனோடயே சுத்துற ஒரு ஃப்ரெண்டுக்கு பொருந்தும், அவன் நோட்ல இது இல்லவே இல்ல, ரெண்டு பேருக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல. அதே மாதிரி மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப், 125 இடம், பட்டியல் சாதியினரோட சீர்மரபினர், நிலமில்லாத விவசாயக் கூலிங்க, பாரம்பரிய கைவினைஞர் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் உண்டு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்குள்ள, 60 சதவீத மார்க், வயசு 35க்குள்ள, க்யூஎஸ்ங்கிற உலக யுனிவர்சிட்டி ரேங்க்ல முதல் 500க்குள்ள இருக்குற யுனிவர்சிட்டில அட்மிஷன். ஃபீஸ் முழுசா, அதுபோக செலவுக்கு அமெரிக்கான்னா வருஷம் 15,400 டாலர், யூகேன்னா 9,900 பவுண்ட். தகுதி இருக்குறவங்க எராஸ்மஸ்க்கும் முன்னாடி இத பாக்கணும், போட்டி போடுற ஆளுங்க எண்ணிக்கை கம்மி. ஒரு எச்சரிக்கை, 2025ல தேர்வான 106 பேர்ல முதல்ல 40 பேருக்குத்தான் லெட்டர் வந்துச்சு, மத்தவங்களுக்கு நிதி இருந்தா தருவோம்னு சொல்லிட்டாங்க, பேப்பர்லயே வந்துச்சு. காலேஜ் தொறக்குறது செப்டம்பர்னா அரசாங்கக் காசு செப்டம்பர்ல வரும்னு நினைச்சு டிக்கெட் போட்டுராதீங்க.

டாடா ஸ்காலர்ஷிப்னு நோட்ல இருந்தது ஜே.என். டாடா எண்டோமெண்ட், 1892ல ஆரம்பிச்சது, நம்ம ஜனாதிபதியா இருந்த கே.ஆர். நாராயணன் லண்டன் போய் படிச்சது டாடா உதவிலதான். பேரு லோன் ஸ்காலர்ஷிப், அதாவது கடன், திருப்பிக் கட்டணும். பேங்க் லோன விட சுலபமான கடன்னு வேணா சொல்லலாம், ஸ்காலர்ஷிப் கட்டத்துலேர்ந்து தூக்கி லோன் கட்டத்துல போட்டோம்.

கிழக்குப் பக்கமும் ஐரோப்பால ஓரமா இருக்குற ஹங்கேரியும் நம்மாளுங்க அதிகம் பாக்குறதில்ல. ஜப்பான் அரசாங்கத்தோட மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப்ப நான் உண்மையிலயே ரொம்ப மதிக்கிறேன், 1954லேர்ந்து குடுக்குறாங்க, ஃபீஸ் கிடையாது, போக வர டிக்கெட், மாசம் ஏறத்தாழ 1,44,000 யென், வயசு 35க்குள்ள, அப்ளிகேஷனுக்கு பைசா கிடையாது, தூதரகம் வழியா ஒரு ரூட்டு, யுனிவர்சிட்டி வழியா ஒரு ரூட்டு. ஆனா முதல்ல ரிசர்ச் ஸ்டூடண்டா போய் அப்புறம் அங்க எண்ட்ரன்ஸ் எழுதித்தான் மாஸ்டர்ஸ் சேர வேண்டி வரும், அப்ளை பண்ணதுலேர்ந்து கிளாஸ்ல உக்காற வரைக்கும் பொறுமை வேணும். கொரிய அரசாங்கத்தோட ஜிகேஎஸ் ஸ்காலர்ஷிப்ல முதல் ஒரு வருஷம் கொரியன் பாஷை படிச்சு டாபிக்ங்கிற கொரியன் பரீட்சைல மூணாவது லெவல் வாங்கினாதான் டிகிரியே தொடங்கும், கே டிராமா பாத்து ஏற்கனவே பாதி தெரியும்னு சொல்ற என் சித்தி பொண்ணுக்கு வேணா சரிப்படும். ஹங்கேரியோட ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம் "ஃபுல்லி ஃபண்டட்"னு எல்லா வீடியோவுலயும் வரும், ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் உண்டு, ஆனா மாஸ்டர்ஸுக்கு கைக்கு வர்றது மாசம் 43,700 ஃபோரிண்ட், யூரோல மாத்தினா நூத்திப் பத்து பக்கம். மாசக் கடைசில வீட்லேர்ந்து காசு வரணும், அத "ஃபுல்லி"ன்னு எப்படி சொல்றாங்கன்னு எனக்குப் புரியல. நோட்ல நானூறு யூரோன்னு எழுதியிருந்தான், அடிச்சிட்டு சரியான நம்பர எழுதினோம்.

அமெரிக்காவுக்கு ஒரே வார்த்தைல சொன்னேன், எம்எஸ்னா வேணாம், பிஎச்டின்னா யோசி. எம்எஸ்ல ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது அபூர்வம், போன பிறகு டிஏ ஆர்ஏ, அதாவது டீச்சிங், ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை கிடைச்சா ஃபீஸ் குறையும்னு நம்பி முழு லோனோட போறவங்கதான் அதிகம். பிஎச்டிக்கு நேரா பிஇ முடிச்சுட்டே போடலாம், ஃபீஸ் தள்ளுபடி, வாரம் 20 மணி நேர வேலை, அதுக்கு சம்பளம், அஞ்சு வருஷம். ஆராய்ச்சில நிஜமாவே ஆசை இருந்தாதான், ஃபீஸ் மிச்சம்னு போனா மூணாவது வருஷம் பைத்தியம் பிடிச்சிடும். 2025ல அங்க ஆராய்ச்சி நிதிய வெட்டினதுல சில யுனிவர்சிட்டிங்க பிஎச்டி சீட்டையே குறைச்சிருச்சு, அதையும் பாத்துக்கணும். அந்த பிளஸ் டூ தங்கச்சி பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தா, அவளுக்கு கணக்கு வேற. டிகிரிக்கு ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சில இடங்கள்ல வெளிநாட்டு பசங்களுக்கும் காசு இருக்கா இல்லையான்னு பாக்காம சீட்டு குடுத்துட்டு, அதோடயே வீட்டு வருமானத்துக்கு ஏத்த மாதிரி உதவியும் பண்ணுவாங்க. ஹார்டுவேர் கடை வருமானத்துக்கு ஃபீஸ் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாம ஆகலாம். உள்ள நுழையுறதுதான் பாடு, நூத்துக்கு நாலஞ்சு பேர்தான். அவ ஒண்ணும் சொல்லல, அண்ணன் நோட்ட வாங்கி கடைசிப் பக்கத்துல அந்த அஞ்சு பேரையும் எழுதிக்கிட்டா.

எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு, ரெக்கமண்டேஷன் லெட்டர். நம்ம காலேஜ்ல ப்ரொஃபசர்கிட்ட கேட்டா "நீயே டைப் பண்ணிட்டு வாப்பா, சைன் போடுறேன்"னுதான் சொல்வாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அறுபது பேருக்கு எழுதணும். ஆனா "ஹி இஸ் சின்சியர், ஹார்டு வொர்க்கிங்"னு எழுதின லெட்டர தேர்வு பண்றவங்க ஆயிரம் பாத்திருப்பாங்க. 1913ல மெட்ராஸ் துறைமுகத்துல கிளார்க்கா இருந்த ராமானுஜனுக்கு டிகிரி கூட இல்ல, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவரோட கணக்க பாத்துட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதின ஒரு லெட்டர்ல மாசம் 75 ரூபா உதவித்தொகை வந்துச்சு. வாக்கர் சின்சியர்னு எழுதல, இவர் பண்றது கேம்பிரிட்ஜ்ல ஒரு ஃபெல்லோ பண்ற வேலைக்கு ஈடுன்னு எழுதினார். காத்தாலை பிளேடுல சென்சார் எத்தன எடத்துல ஒட்டினான், எது ஒத்து வரல, எப்படி சரி பண்ணான், அத ஒரு பக்கத்துல எழுதி ப்ரொஃபசர்கிட்ட குடு, அவர் தன் வார்த்தைல ரெண்டு வரி சேப்பாருன்னு சொன்னேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்ல மிஞ்சினது: எராஸ்மஸ் நாலு கோர்ஸ், ஜெர்மனி ஆறு யுனிவர்சிட்டி, மெக்ஸ்ட் ஒண்ணு. சித்தப்பா அதுவரைக்கும் பேசாம டிவி பாத்துட்டு இருந்தவர், "இதுல பத்திரம் எதுக்கும் வேணாமே?"ன்னு ஒரே கேள்வி கேட்டார். வேணாம் சித்தப்பான்னதும் டிவி பக்கம் திரும்பிட்டார்.

போன வாரம் அவன்கிட்டேர்ந்து போன். எராஸ்மஸ் போர்ட்டல்ல ஃபேமிலி நேம் கட்டாயம்னு கேக்குது, இவன் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, மார்க் ஷீட்ல பேருக்குப் பின்னாடி வெறும் எஸ், ஆதார்ல சித்தப்பா பேரு முழுசா இருக்கு. "அக்கா, நான் இதுல யாரு?"ங்குறான். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடு, ஃபேமிலி நேம் கட்டத்துல எத போடணும்னு கோர்ஸ் ஆபீசுக்கு ஒரு மெயில் தட்டிக் கேளுன்னேன். மெயில் போட்டிருக்கான், பதில் வரல, கடைசி தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு.